கறம்பக்குடி எழுதிய பெயர்

1962 டிசம்பர் ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கறம்பக்குடி சந்தைப்பேட்டை வாசகசாலையில் வைத்திருந்த பெட்டியைத் திறந்தபோது, உள்ளே கிடந்த இருநூற்று நாற்பத்தொரு சீட்டுகளிலும் ரோஷன் பேகம் என்று எழுதியிருந்தது. அந்தப் பெயரை யாரும் எழுதவில்லை. எழுதும்போது அவரவர் எழுதியதுதான் இருந்தது. மை காய்ந்த பிறகு இந்தப் பெயர் இருந்தது. கையெழுத்து அந்தந்த ஆளுடையதே. கீரை விற்கும் பிச்சையம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. தன் ஆள் யாரென்று எழுதுபவரிடம் வாயால் சொல்லிவிட்டுக் கட்டைவிரலை மட்டும் அழுத்தியிருந்தாள். எழுதியது மாறியதோடு, விரல் ரேகைகளும் வளைந்து அதே பெயராகியிருந்தன. பூதக்கண்ணாடி வைத்தால் படிக்கலாம்.

கேள்வி டெல்லியைப் பற்றியது. வடக்கே மலையில் ஒரு மாதம் சண்டை நடந்து, நம் பக்கம் பின்வாங்கி, பாதுகாப்பு மந்திரி ராஜினாமா செய்து, பார்லிமெண்டில் பிரதமரைப் பார்த்து எல்லாரும் சத்தம் போட்ட சமயம். அவருக்கு ஒரே மாதத்தில் பத்து வயது கூடிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. திருச்சியிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகை, பிரதமர் விலகினால் அந்த இடத்தில் யார் என்று கேட்டு ஒரு கூப்பன் அச்சடித்திருந்தது. வாசகசாலைக்கு வருவது ஒரே பிரதி. கூப்பன் ஒன்று, ஊரில் ஆட்கள் பல பேர், ஆகவே முறையாகத் தேர்தல் வைத்து ஊரின் முடிவாக ஒரு பெயரை அனுப்புவது என்று வாசகசாலைத் தலைவர் சோலையப்பன் தீர்மானித்தார். அவருக்கு அரிசி மில் இருந்தது. காங்கிரஸ்காரர். அவர் சொன்ன காரணம் சரியாகவே இருந்தது. 1948 மார்ச்சில் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது, ராஜாவுக்குப் பிறகு யார் என்று கறம்பக்குடியை ஒருவரும் கேட்கவில்லை. சமஸ்தானத்து நாணயமான அம்மன் காசு செல்லாமல் போனது, ஜில்லாவின் பெயர் திருச்சி ஆனது, அவ்வளவுதான். பதினாலு வருஷம் கழித்து ஒருவர் கேட்கிறார். பதில் சொல்ல வேண்டும். பழைய காலண்டர் தாள்களைக் கிழித்துச் சீட்டு ஆக்கினார்கள். சனிக்கிழமை முழுக்க வரிசை நின்றது. பெண்கள் வாசல் திண்ணையிலேயே சீட்டுப் போட்டார்கள்.

எண்ணுவதற்கு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். தலைவர் சோலையப்பன், எதிர்க்கட்சி என்ற முறையில் தையல்காரர் குழந்தைசாமி, வாசகசாலைப் பொறுப்பாளர் ஜைனுதீன். குழந்தைசாமிக்குக் கம்யூனிஸ்டு என்று பேர். ஜைனுதீன் புதுக்கோட்டையில் பி.ஏ. படித்தவன், வயது இருபத்தொன்பது, அதிகம் பேசமாட்டான். அவன் பிரித்துக் கொடுக்க, குழந்தைசாமி படித்தார். நாலாவது சீட்டில் சோலையப்பன் கையை நீட்டித் தடுத்தார்.

“யோவ் டெய்லர், என்ன வெளாடுறியா? எதப் பிரிச்சாலும் ஒரே பேரு சொல்ற.”

“எழுதியிருக்குறதத்தான் படிக்கிறேன் மொதலாளி. இந்தா, இது ஒங்க சீட்டுதான? ஒங்க ‘ஷ’வுக்கு நாலு சுழி இருக்கும். நல்லாப் பாருங்க.”

சோலையப்பன் பார்த்தார். அவர் கையெழுத்துத்தான். “நான் எழுதுனது வேறய்யா,” என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. பிறகு எல்லாவற்றையும் படித்து முடித்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றினார்கள். செல்லாத ஓட்டு இல்லை.

ஜைனுதீன் காலிப் பெட்டியை மூடி வைத்தான். ரோஷன் பேகம் அவன் மனைவி. முந்தைய வருஷம் ஆடி மாதம் நாலு நாள் காய்ச்சலில் இறந்துபோனவள். வயது இருபத்திரண்டு.

ஊரில் யாருக்கும் அது தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. கறம்பக்குடிக்கு வாழ வந்த பெண்ணை அவள் பிறந்த ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இவள் கோட்டைப்பட்டினத்துப் புள்ள. ஆண்கள் பேச்சில் வந்தால் ஜைனுதீன் வீட்டுல. புருஷன் பெண்டாட்டி பேரைச் சொல்வதில்லை, அவள் அவன் பேரைச் சொல்வதில்லை. அவன் இந்தாம்மா என்பான். அவள் இங்கேருங்க என்பாள். இரண்டு வருஷம் பதினோரு மாதம் அந்த இரண்டு வார்த்தையிலேயே வீடு நடந்தது. நிக்காஹ் அவள் ஊரில் நடந்தது, பேரைக் கேட்டவர்கள் அந்த ஊர்க்காரர்கள். அவள் இறந்தபோது பள்ளிவாசலில் ஜைனுதீன் சம்சாரம் மவுத்து என்று அறிவித்தார்கள். அவளை அடக்கிய மையவாடியில் கல் வைக்கவில்லை. உள்ளூரில் பேர் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவளைக் குளிப்பாட்டிய ஜொஹரா பீவி, ஜைனுதீனுக்குப் பெரியம்மா முறை. இன்னொருவன் ஜைனுதீன். அவளுடையதில் அவனிடம் மிஞ்சியிருந்தது அந்தப் பேர் ஒன்றுதான். அதையும் அவன் வாயால் சொன்னதில்லை.

அந்தம்மா யார் என்று ஊர் தேட ஆரம்பித்தது. எல்லாரும் எழுதியிருக்கிறோம் என்றால் பெரிய ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பேரைப் பார்த்தால் வடக்கே என்றார்கள். ஒரு வாரத்தில் லக்னோ என்று முடிவானது. மூன்று தடவை சிறை போனவர் என்றார் சோலையப்பன். மந்திரி பதவி கொடுத்தும் வேண்டாமென்றவர் என்றார் குழந்தைசாமி. கறம்பக்குடியில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. காங்கிரஸ் கூட்டத்துக்கு வந்தபோது அந்தம்மாவைத் தஞ்சாவூர் ஸ்டேஷனில் பார்த்ததாகவும், வெள்ளைப் புடவை, கண்ணாடி போட்டிருந்ததாகவும் ஒரு கடலை வியாபாரி சொன்னார். கடைசியில் சோலையப்பன் ஜைனுதீனிடம் வந்தார். “பாய், நீங்க படிச்சவரு. அந்தம்மா எந்த ஊரு, என்ன உத்தியோகம் பாத்தாங்கன்னு புஸ்தகத்துல பாத்துச் சொல்லுங்க. கூப்பனோட ரெண்டு வரி சேத்து அனுப்பணும்.” பார்க்கிறேன் என்றான் ஜைனுதீன். சொன்னது பொய்யாகிவிடக் கூடாதென்று உண்மையிலேயே பார்த்தான். தலைவர்கள் வரலாறு, வருஷப் புத்தகம், கலைக்களஞ்சியம் என்று பதினோரு நாள் பக்கம் பக்கமாகப் புரட்டினான். எதிலும் இல்லை. பன்னிரண்டாம் நாள் இல்லை என்று சொன்னான்.

ஜனவரி முதல் வாரத்தில் புதுக்கோட்டையிலிருந்து இன்ஸ்பெக்டர் சூசைராஜ் வந்தார். இந்தியப் பாதுகாப்புச் சட்டம் அமலில் இருந்த காலம். ஓர் ஊர் முழுக்கப் பிரதமரை மாற்றச் சீட்டுப் போட்டிருக்கிறது, எல்லாச் சீட்டிலும் ஒரே பேர், அந்த ஆள் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை என்றால், அதற்குப் பின்னால் ஒரு ரகசிய இயக்கம் இருக்க வேண்டும். அவர் நினைத்தது நியாயம்தான். குழந்தைசாமியை உட்காரவைத்து, உன் ஆள் பேரை என் கண் முன்னால் எழுது என்றார். குழந்தைசாமி எழுதினார். மை காய்ந்ததும் ரோஷன் பேகம் என்று இருந்தது. இன்ஸ்பெக்டர் பேனாவை வாங்கி, ஒரு தாளில் தானே ஒரு பேர் எழுதி ஊதினார். கொஞ்ச நேரம் பார்த்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். யார் பேரை எழுதினார் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. ஆனாலும் வந்த காரியம் ஆக வேண்டும். குழந்தைசாமியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். ரோஷன் பேகம் யார், எங்கே இருக்கிறார் என்று தெரியும்வரை விட முடியாது, இன்னும் மூன்று நாளில் வேலூர் ஜெயிலுக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று சோலையப்பனிடம் சொல்லிவிட்டுப் போனார். தையல்கடையில் பொங்கல் துணி பாதி தைத்தபடி கிடந்தது.

சொன்னால் அந்தப் பேர் அவளுடையது என்று கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் குழந்தைசாமி வேலூருக்குப் போவார். ஜைனுதீன் இரண்டு நாள் சும்மா இருந்தான். அவள் போனதிலிருந்து எதைச் செய்வதற்கும் அவனுக்கு இரண்டு நாள் பிடித்தது. குளிக்க, சவரம் செய்ய, கடிதத்துக்குப் பதில் போட. கறிவேப்பிலை வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்த நாட்கள் உண்டு. மூன்றாம் நாள் காலையில் ஜொஹரா பீவி இடியாப்பம் கொண்டுவந்து வைத்தாள். அவன் சட்டை மாட்டுவதைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“போயி சொல்லப் போறியாக்கும்.”

“ஆமா பெரியம்மா.”

“மையத்தாப் போன புள்ள பேர சந்தையில ஏலம் போடப் போறியா? டீக்கடையில கண்டவனும் சொல்லுவான். அவ மொகத்தக்கூட ஒரு ஆம்பள பாத்ததில்ல.”

“டெய்லருக்கு மூணு புள்ளைங்க, பெரியம்மா.”

ஜொஹரா பீவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தட்டை அவன் பக்கம் தள்ளி, “தின்னுட்டுப் போ. வெறும் வயித்தோட போலீசுக்கிட்ட போகாத,” என்றாள்.

ஆலங்குடி வழியாகப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினான். ஸ்டேஷனில் சூசைராஜ் டீ குடித்துக்கொண்டிருந்தார். பேச்சு சுருக்கமாக முடிந்தது.

“யாருய்யா அந்த ரோஷன் பேகம்?”

“எங்க வீட்டுல, சார்.”

“வீட்டுலன்னா?”

“என் மனைவி.”

“இப்ப எங்க இருக்காங்க?”

“மையவாடியில.”

இன்ஸ்பெக்டர் கிளாஸைக் கீழே வைத்தார். “செத்தவங்க வந்து ஓட்டுப் போட்டுட்டுப் போறத நெறைய பாத்திருக்கேன் தம்பி. செத்தவங்களுக்கு ஓட்டு விழுந்து இப்பத்தான் பாக்குறேன்.” பிறகு எழுந்து நின்று, உட்காருங்க என்றார். அதுவரை ஜைனுதீனை நிற்கவைத்தே பேசியிருந்தார். மறுநாள் ஆள் அனுப்பி ஜொஹரா பீவியிடம் விசாரித்து, மேற்படி நபர் 1961 ஜூலை முதல் காலமானவர், அரசாங்கத்துக்கு அவரால் ஆபத்து இல்லை என்று ஃபைலை முடித்தார். குழந்தைசாமி பஸ்ஸில் ஊர் திரும்பினார். நேராக வாசகசாலைக்கு வந்து, ஜைனுதீன் எதிரில் உட்கார்ந்தார். “லக்னோன்னுல்ல பாய் நெனச்சிருந்தேன்,” என்றார். அவர் குரலில் வருத்தம்தான் இருந்தது, கோபம் இல்லை.

ஊர் நாலைந்து நாள் வெட்கப்பட்டது. பார்க்காத பொம்பளையைத் தஞ்சாவூர் ஸ்டேஷனில் பார்த்த கடலை வியாபாரி கறம்பக்குடிக்கு வருவதைக் கொஞ்ச நாள் நிறுத்திக்கொண்டார். சீட்டுகளை எரித்துவிடலாம், கூப்பனை அனுப்ப வேண்டாம் என்றார் சோலையப்பன். அதற்காக வாசகசாலையில் கூட்டம் போட்டிருந்தபோது, பிச்சையம்மாள் கீரைக்கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு உள்ளே வந்தாள். அந்த வாசகசாலைக்குள் ஒரு பெண் நுழைந்தது அதுதான் முதல் தடவை.

“கோட்டப்பட்டினத்துப் புள்ளையாமுல்ல அந்த ரோசன் பேகம்? பேரு எங்களுக்குந் தெரியாது, ஆனா ஊரே ஒத்துக்குற பொம்பள ஆருன்னு எங்கள ஒரு வார்த்த கேட்டிருந்தா மொதல் நாளே சொல்லியிருப்போம்ல. ஒங்களுக்கு டெல்லிக்காரி வேணும், லக்னோக்காரி வேணும்.”

“நீ செத்த சும்மா இரு பிச்சை. அந்தம்மாவப் பத்தி ஒனக்கென்ன தெரியும்?”

“எனக்கென்ன தெரியுமா? ரெண்டு கோடை கெணத்துல மொறை வச்சது ஆருன்னு நெனச்சீங்க மொதலாளி? ஒங்க மில்லு சங்க வச்சே அந்தப் புள்ளதான்.”

அவள் சொன்னது இது. 1960 கோடையிலும் அடுத்த கோடையிலும் ஊரில் தண்ணீர் இருந்தது பள்ளிவாசல் சந்துக் கிணறு ஒன்றில்தான். முதல் வாரம் தினமும் குடம் உடைந்தது, இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. அப்போது கோட்டைப்பட்டினத்துப் புள்ள கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று, மில் சங்கு முதல் தடவை ஊதினால் மேலத்தெரு, இரண்டாவது ஊதினால் சந்தைப்பேட்டை, மூன்றாவது ஊதினால் சேரி, அடுத்த வாரம் வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்வது என்று சொன்னாள். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு முறை கிடையாது, எப்போது வந்தாலும் வழிவிட வேண்டும். சேரிப் பெண்கள் அதே கயிற்றைத் தொடக் கூடாது என்று மேலத்தெருவில் முணுமுணுத்தார்கள். அப்படியானால் நானும் தொடவில்லை, என் குடத்தைக் கடைசியில் நிரப்பிக்கொள்கிறேன் என்று அவள் இறங்கி நின்றாள். இரண்டு கோடையும் கடைசிக் குடம் அவளுடையது. அதன் பிறகு ஒரு குடமும் உடையவில்லை.

“டெல்லியில இருக்குறவரால ஒரு எல்லையக் காக்க முடியல,” என்றாள் பிச்சையம்மாள். “இந்தப் புள்ள கெணத்தடியில ஒரு சண்ட விடல. உசுரோட இல்லன்னா என்ன? இருக்குறவுக என்னத்தக் கிழிச்சாக?”

இரண்டு கோடையும் வீட்டுக்குத் தண்ணீர் எப்படி வந்தது என்று அந்த அறையில் இருந்த ஆண்களில் ஒருவரும் யோசித்ததில்லை. ஜைனுதீனும் யோசித்ததில்லை. கிணற்றிலிருந்து அவள் நேரம் கழித்து வந்தபோதெல்லாம், தண்ணிக்குப் போனா இவ்வளவு நேரமா, அங்கிட்டு என்ன கதை என்று கேட்டிருக்கிறான். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்திருக்கிறாள். சீட்டுகளை எரிக்கவில்லை. கூப்பனில் பேரை எழுதி, கிணற்றில் முறை வைத்தவர் என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினார்கள். உயிருடன் இருப்பவர்கள் மட்டுமே போட்டிக்குத் தகுதியானவர்கள் என்று பத்திரிகையிலிருந்து பதில் வந்தது. அப்படி ஒரு விதி கூப்பனில் அச்சிடப்படவில்லை என்று சோலையப்பன் ரிஜிஸ்டர் தபாலில் எழுதினார். அதற்குப் பதில் வரவில்லை.

1963 முழுவதும் இப்படியே போனது. ஊரில் யாராவது அந்தக் கேள்விக்குப் பதில் எழுதினால் அந்தப் பேர் வந்தது. வேறு எதை எழுதினாலும் எழுதியபடியே இருந்தது. மளிகைச் சிட்டை, காதல் கடிதம், மனு எதற்கும் ஒரு குறையும் இல்லை. அதனால் யாரும் அதை ஒரு தொந்தரவாக நினைக்கவில்லை. டெல்லிச் செய்தி மோசமாக வந்த நாட்களில், ரோஷன் பேகம் இருந்திருந்தா என்று டீக்கடையில் ஆரம்பிப்பார்கள். கத்தரிக்காய் விலை பேசுகிற குரலில் அந்தப் பேரைச் சொன்னார்கள். தெருவில் காதில் விழும்போதெல்லாம் ஜைனுதீன் திரும்பிப் பார்த்தான். பிறகு சந்து வழியாக வீட்டுக்குப் போகப் பழகினான். பேர் எல்லார் வாயிலும் இருந்தது. அவன் வீட்டில் மட்டும் அதைச் சொல்ல ஆள் இல்லை. சொன்னாலும் கேட்க ஆள் இல்லை.

மதிய நேரத்தில் வாசகசாலையைச் சாத்திவிட்டுக் கிணற்றடிப் பக்கம் போய் நிற்க ஆரம்பித்தான். முதலில் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒதுங்கினார்கள். பிறகு விஷயம் புரிந்து, ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். அவளுக்குப் பாம்பென்றால் பயமில்லை, பல்லியென்றால் பயம். கணக்கு மனசாலேயே போடுவாள். கடல் தெரியாத ஊரில் தூக்கம் வரவில்லை என்று முதல் வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். சிரித்தால் மில்வரை கேட்கும். அவள் அப்படிச் சிரித்து ஜைனுதீன் ஒரு நாளும் கேட்டதில்லை. அவன் வீட்டிலிருந்த பெண் மெதுவாகத்தான் சிரிப்பாள், வாயைப் பொத்திக்கொண்டு. அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, வாரேன் என்று சொல்லிவிட்டுப் போவான். “மறுபடியும் ஒரு கல்யாணத்தப் பண்ணுங்க பாய்,” என்றாள் பிச்சையம்மாள் ஒருமுறை. பார்க்கிறேன் என்றான். அதை அவன் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

1964 மே இருபத்தேழாம் தேதி புதன்கிழமை மத்தியானம், பிரதமர் காலமானார் என்று பஞ்சாயத்து ரேடியோவில் செய்தி வந்தது. கடைகளை அடைத்தார்கள். குழந்தைசாமி தோளில் கறுப்புத் துணி குத்திக்கொண்டார், கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாக வெட்டிக் கொடுத்தார். சோலையப்பன் மில் வாசலில் உட்கார்ந்து குழந்தைபோல அழுதார். ஞாயிற்றுக்கிழமை யாரும் சொல்லாமலேயே பெட்டியை வைத்தார்கள். இந்தத் தடவை எந்தப் பத்திரிகையும் கேட்கவில்லை, எங்கேயும் அனுப்பப் போவதும் இல்லை. என்ன பேர் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொருவரும் தமக்குச் சரியென்று பட்ட பேரை யோசித்து எழுதினார்கள், ஏனென்றால் தேர்தல் என்றால் அப்படித்தான். இரண்டு நாள் கழித்து டெல்லியில் வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். கறம்பக்குடியில் அதற்கு யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை. டெல்லிக்கும் ஓர் ஆள் வேண்டும்தானே என்றார் சோலையப்பன்.

1962-ல் ஜைனுதீன் சீட்டு எழுதவில்லை, எழுத நேரமில்லை என்று யாரும் கேட்காமலேயே சொல்லியிருந்தான். இந்தத் தடவை வரிசையில் நின்றான். தன் முறை வந்ததும் ஒரு காலண்டர் தாளை வாங்கி, ஜன்னலோரம் திரும்பிக்கொண்டு, ரோஷன் பேகம் என்று எழுதினான். அவள் பேரை அவன் எழுதியது அதுதான் முதல் தடவை. மை காயும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். பேர் மாறவில்லை. கறம்பக்குடியில் எழுதியது எழுதியபடி இருந்த சீட்டு அது ஒன்றுதான்.

எண்ணும்போது பெண்களும் உள்ளே வந்து சுவரோரம் நின்றார்கள். மொத்தம் முன்னூற்றுப் பதினெட்டு. குழந்தைசாமி ஒவ்வொன்றாக எடுத்துச் சத்தமாகப் படித்தார், சோலையப்பன் கோடு போட்டார். நூற்று ஆறாவது சீட்டை எடுத்தவர் வாயைத் திறந்துவிட்டு நிறுத்தினார். வாசகசாலைப் பதிவேட்டில் பல வருஷம் பார்த்த கையெழுத்து. தாளை மேஜைக்கு அந்தப் பக்கம் நீட்டினார்.

“இத நீங்க படிங்க பாய்.”

ஜைனுதீன் வாங்கிக்கொண்டான். பிறகு அவன் படித்தான். ரேடியோ செய்தி படிப்பவர்போல, தெளிவாக, ஒரே தடவை. சோலையப்பன் கோடு போட்டார். குழந்தைசாமி நூற்று ஏழாவது சீட்டை எடுத்துப் பிரித்தார். அதிலும் அதே பேர்தான் இருந்தது.